கப்பலிலேயே அடுத்த பயணம்: கவுன்டரில் எடுப்பதா, கூட வந்த ஏஜென்டிடம் எடுப்பதா?

போன சொகுசுக் கப்பல் பயணத்தின் மூன்றாம் நாள், எந்தத் துறைமுகமும் இல்லாமல் முழுக்கக் கடலில் கழிந்த நாள். காலையில் கேபின் கதவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. அடுத்த பயணத்தை இங்கேயே பதிவு செய்தால் முன்பணம் குறைவு, கப்பலில் செலவழிக்கக் கிரெடிட்டும் உண்டு, கப்பலிலேயே இருக்கும் எங்கள் பதிவுக் கவுன்டருக்கு வாருங்கள் என்றது கப்பல் நிறுவனம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு டிராவல் ஏஜென்சிக்காரர். ஒரு பெரிய குழுவைக் கூட்டி வந்திருந்தார். "கவுன்டர்ல போட்டுடாதீங்க. அவங்க தர்றதுக்கு மேலயே நான் தர்றேன்" என்று அட்டையை நீட்டினார்.

இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். முந்தைய பயணத்தில் இப்படிச் சந்தித்த ஒரு ஏஜென்டிடம் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை கவுன்டரில் எடுத்தேன். இனியும் கவுன்டர்தான்.

முதலில் ஒரு விஷயம். கப்பலில் விற்கும் ஏஜென்சிகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, கப்பல் நிறுவனத்திடம் சொல்லிக் குழுவாக இடம் பிடித்து வருபவர்கள். இவர்கள் தங்கள் குழுவுக்கென்று தனி விருந்து, தனிக் கூட்டம் வைப்பார்கள். அது முறையானது. இன்னொரு வகை, சும்மா பயணியாக ஏறி, நீச்சல் குளத்தருகிலும் லிஃப்ட் வாசலிலும் அட்டை கொடுப்பவர்கள். நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் பயண ஒப்பந்தத்தில், மற்ற பயணிகளிடம் வியாபாரம் பேசக் கூடாது என்ற விதியைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஏறிய கப்பலின் விதியையே மதிக்காதவரிடம் அடுத்த வருடப் பயணப் பணத்தை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே இனி 'ஏஜென்ட்' என்று நான் சொல்வது முதல் வகையைத்தான்.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. விலையை வைப்பது கப்பல் நிறுவனம். அதைக் குறைத்து விளம்பரம் செய்ய ஏஜென்சிகளைப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. ஏஜென்ட் 'மேலே' தருவதாகச் சொல்வது பெரும்பாலும் கப்பல் நிறுவனம் அவருக்குத் தரும் கமிஷனிலிருந்து வரும் பங்கு. அந்தக் கமிஷனும் நாம் கட்டும் மொத்தத் தொகைக்குக் கிடைப்பதில்லை. துறைமுகக் கட்டணம், வரி, கட்டணத்திலேயே கமிஷன் இல்லாத ஒரு பகுதி எல்லாம் கழிந்த பிறகுதான் கணக்கு. அதனால் ஜன்னல் இல்லாத மலிவான உள் கேபின் எடுப்பவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் தேறாது. விலை உயர்ந்த அறைகளில் பார்க்கும்படியான தொகை வரும்.

கவுன்டரின் பலம் முன்பணம். பிரின்சஸ் நிறுவனக் கப்பல்களில் ஆளுக்கு 100 டாலர் கட்டி வைத்துவிட்டு, எந்தப் பயணம் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். நார்வீஜியன் நிறுவனத்தின் 'குரூஸ்நெக்ஸ்ட்' திட்டமும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'நெக்ஸ்ட்குரூஸ்' கவுன்டரும் இதே நோக்கத்துக்குத்தான் இருக்கின்றன. குறை ஒன்றுதான்: அங்கே இருப்பவர் தன் நிறுவனக் கப்பலை மட்டுமே காட்டுவார், வேறு நிறுவனத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல மாட்டார். அவருக்கும் விற்பனை இலக்கு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கட்டும் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பாருங்கள். ஒரே கவுன்டரில் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் அடுத்தடுத்து விற்கப்படுவது உண்டு.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமானது வேறு. கையெழுத்து போட்டதிலிருந்து கப்பல் ஏறும் வரை அந்தப் புக்கிங் யார் கையில் இருக்கிறது?

கப்பலில் எடுக்கும் பயணம் பெரும்பாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் தள்ளி இருக்கும். அதற்குள் விலை ஏறும், இறங்கும். கேபினை மாற்றத் தோன்றும். நிறுவனம் ஒரு துறைமுகத்தை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்க்கும். பாக்கித் தொகையைக் கட்ட வேண்டிய நாள் பொதுவாகப் புறப்பாட்டுக்குச் சுமார் 90 நாள் முன்பு வரும், நீண்ட பயணங்களுக்கு இன்னும் முன்னதாகவே. அந்த நாள் வரைக்கும் விலை இறங்கினால் குறைந்த விலைக்கு மாற்றித் தரும்படி கேட்க முடியும், எடுத்த கட்டண வகை அதற்கு இடம் தந்தால். ஆனால் நாம் கேட்டால்தான் நடக்கும், தானாக யாரும் குறைத்துத் தர மாட்டார்கள்.

ஏஜென்சி பெயரில் உள்ள புக்கிங்கைப் பற்றிக் கப்பல் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால், "உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு நடந்தது இதுதான். கப்பலில் எழுதிக் கொடுத்து நான்கு மாதம் கழித்து எங்கள் வகைக் கேபினின் விலை இறங்கியது. ஏஜென்சிக்கு மின்னஞ்சல் போட்டேன், ஃபோன் செய்தேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் அந்த விலை போய்விட்டது. ரத்து செய்துவிடலாம் என்று பார்த்தால், கப்பல் நிறுவனம் பிடிப்பதற்கு மேல் ஏஜென்சிக்கென்று தனி ரத்துக் கட்டணம். அது அவர்களுடைய விண்ணப்பத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. மேசையில் சிரித்துப் பேசியவர் நல்ல மனிதர்தான். ஆனால் கரைக்கு வந்த பிறகு எங்கள் புக்கிங்கைப் பார்த்தவர் அவர் இல்லை, முகம் தெரியாத வேறொருவர்.

அந்த ஏஜென்சியிடமிருந்து புக்கிங்கைப் பிடுங்கி நானே பார்த்துக்கொள்ளவும் முடியவில்லை. நேரடியாக எடுத்த புக்கிங்கை, முழுப் பணம் கட்டாதவரை, குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரு ஏஜென்டிடம் மாற்றிக்கொடுக்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் ஏஜென்சி பெயரில் ஏறியது பொதுவாக அந்த ஏஜென்சியின் சம்மதம் இல்லாமல் வெளியே வராது. கவுன்டரில் எடுத்துவிட்டு மனம் மாறினால் ஏஜென்டிடம் போகலாம். ஏஜென்டிடம் எடுத்துவிட்டு மனம் மாறினால் திரும்புவது கடினம். நான் கவுன்டர் பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஒன்றே போதும்.

அதோடு, கவுன்டரில் எடுப்பதால் நம்முடைய பழைய ஏஜென்டை இழக்க வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது. இப்போது போய்க்கொண்டிருக்கும் பயணத்தை விற்ற ஏஜென்ட் யாரோ, கப்பலில் எடுக்கும் அடுத்த புக்கிங்கும் பெரும்பாலான நிறுவனங்களில் அவர் பெயரில்தான் போய்ச் சேரும். கவுன்டரின் சலுகையும் கிடைக்கும், அவருக்குக் கமிஷனும் போகும். எங்களுக்கு வழக்கமாக எடுத்துத் தருபவர் கிளம்பும் முன்பே, "பிடிச்சிருந்தா அங்கேயே போட்டுடுங்க, என் பேருக்கு வந்துடும்" என்று சொல்லி அனுப்பினார். விலை இறங்கினால் அவரே கூப்பிட்டுச் சொல்பவர், அதனால் அவர் பெயரில் போவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அப்படி ஒருவர் இல்லாதவர்கள், 'நேரடி' என்றே எழுதச் சொல்லுங்கள்.

நான் எடுத்ததெல்லாம் இரண்டு பேர் கேபின். இருபது, முப்பது பேராகச் சொந்தபந்தத்தோடு போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். குழுவாக எடுக்கும்போது வழக்கமாகப் பதினாறு பேருக்கு ஒருவர் கட்டணம் இல்லாமல் போகும் சலுகை ஏஜென்சிக்குக் கிடைக்கும். நல்ல ஏஜென்ட் அதைக் குழுவுக்கே பிரித்துத் தருவார். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கும், எந்த நிறுவனக் கப்பல் என்றே முடிவு செய்யாதவர்களுக்கும்கூட ஒரு அனுபவசாலி ஏஜென்ட் கவுன்டரை விட உதவியாக இருப்பார்.

அப்படிக் கப்பலில் சந்தித்தவரிடமே எடுப்பதானால், அட்டையை வாங்கிக்கொண்டு கரைக்கு வந்து முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் பயணம் விற்பவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பிரிட்டனில் என்றால் 'ஆப்டா' என்ற பயண ஏஜென்ட்கள் சங்கத்தின் உறுப்பினரா என்று பார்க்கலாம். கார்டில் பணம் பிடிக்கும்போது கப்பல் நிறுவனத்தின் பெயரில் பிடிக்கப்படுகிறதா, ஏஜென்சியின் பெயரிலா என்று கேளுங்கள். ரத்துக் கட்டணம் தனியாக உண்டா என்பதையும் கேளுங்கள்.

கவுன்டரில் எடுப்பவர்களும் உறுதிச் சீட்டை அங்கேயே வாங்கி, ஏஜென்ட் பெயர் இருக்கும் வரியைப் பார்த்துவிடுங்கள். எங்கள் சீட்டில் அது காலியாக இருந்தது. கடைசி மாலைதான் கவனித்தேன். அதைச் சரிசெய்ய நாங்கள் போனபோது கவுன்டர் முன்னால் மாடிப்படி வரை வரிசை நின்றது. நடுவில் வரும் ஏதாவதொரு கடல் நாளின் காலையிலேயே போய்விட்டால் நிதானமாக உட்கார்ந்து பேசலாம்.