லண்டன் நாடாளுமன்றச் சுற்றுலா: தரையைப் பார்த்து நடங்கள்

பிரிட்டன் நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையைச் சுற்றிப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒலி வழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு நம் போக்கில் நடக்கலாம். இல்லையென்றால் வழிகாட்டி ஒருவரோடு குழுவாகப் போகலாம். மன்னரிடம் இருந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் முதலாவதை எடுங்கள். நின்று பார்க்க வேண்டியவற்றில் பாதி தரையில்தான் இருக்கிறது. குழுவோடு போனால் அங்கெல்லாம் நிற்க நேரம் கிடைக்காது.

வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் 240 அடி நீளமுள்ள மண்டபம். 1097இல் கட்டத் தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து மரக்கூரையைப் பார்க்கிறார்கள். கூரையின் அழகு அப்படி. அதைப் பார்த்து முடித்ததும் தெற்குப் பக்கப் படிக்கட்டில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டைத் தேடுங்கள். 1649 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸ் விசாரிக்கப்பட்ட இடம் அது. எந்த அதிகாரத்தில் என்னை விசாரிக்கிறீர்கள் என்று கேட்டு, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லவே மறுத்துவிட்டார். மரண உத்தரவில் 59 பேர் கையெழுத்திட்டார்கள்.

இதைவிட முக்கியமான இடம் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் ஹால். பலர் இதை வெறும் நடைபாதை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். 1834 தீவிபத்துவரை நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை கூடிய தேவாலயம் இந்த இடத்தில்தான் இருந்தது. சபாநாயகரின் நாற்காலி இருந்த இடத்தைப் பித்தளைக் குமிழ்கள் காட்டுகின்றன. 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய சார்லஸ் வீரர்களோடு வந்தார். ஐவரும் முன்பே தப்பியிருந்தார்கள். அவர்கள் எங்கே என்று மன்னர் கேட்க, சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, இந்தச் சபை பணித்தாலன்றி இங்கே பார்க்கக் கண்ணும் பேச நாவும் எனக்கு இல்லை என்றார். அதற்குப் பிறகு எந்த மன்னரும் காமன்ஸ் கூட்டத்துக்குள் நுழைந்ததில்லை. கூட்டத்தொடர் தொடக்க நாளில் மன்னரின் தூதரான பிளாக் ராட் என்ற அதிகாரி வரும்போது காமன்ஸ் சபைக் கதவை முகத்தில் அடித்துச் சாத்துவார்கள். அவர் மூன்று முறை தட்டிய பிறகே திறப்பார்கள். தட்டித் தட்டிக் கதவில் பள்ளம் விழுந்திருக்கிறது, கவனியுங்கள்.

மேலவையான பிரபுக்கள் சபையின் பொன் சிம்மாசனத்தைப் பார்த்த கையோடு காமன்ஸ் சபைக்குப் போனால் ஏமாற்றம்தான் வரும். 650 உறுப்பினர்களுக்கு ஏறத்தாழ 427 இருக்கைகள். 1941 குண்டுவீச்சில் அழிந்து 1950இல் மீண்டும் திறந்த எளிய அறை. அதிகாரம் இருப்பது இங்கேதான். சிம்மாசனத்தில் அமர்ந்து மன்னர் வாசிக்கும் உரையைக்கூட அமைச்சர்கள்தான் எழுதித் தருகிறார்கள்.

இந்தச் சுற்றில் பெரிய குறை ஒன்று உண்டு. சார்லஸின் தலையை வெட்டியதோடு மன்னராட்சி முடிந்துவிடவில்லை. 1660இல் திரும்பி வந்தது. அதிகாரம் நிலையாகக் கைமாறியது 1689க்குப் பிறகுதான். நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வரி விதிக்கக் கூடாது, அமைதிக்காலத்தில் படை வைத்திருக்கக் கூடாது என்று அந்த ஆண்டின் உரிமைச் சட்டம் மன்னரைக் கட்டிப்போட்டது. படைக்கான அனுமதியையும் பணத்தையும் குறுகிய காலத்துக்கே கொடுத்ததால், மன்னர் ஆண்டுதோறும் சபையைக் கூட்டியே ஆக வேண்டியிருந்தது. மன்னரைப் பணியவைத்தது இந்தக் கணக்குவழக்குதான். ஆனால் கணக்குவழக்கைக் கல்லிலும் மரத்திலும் காட்ட முடியாதே.

அந்தக் குறையைத் தீர்க்க, வைட்ஹால் சாலையில் பத்து நிமிடம் நடந்து, பழைய அரச விருந்து மண்டபமான பாங்க்வெட்டிங் ஹவுஸுக்குப் போங்கள். சார்லஸின் தந்தை முதலாம் ஜேம்ஸைத் தெய்வ நிலைக்கு உயர்த்தும் ரூபன்ஸின் ஓவியங்கள் அதன் கூரையில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நடந்துதான் சார்லஸ் வெளியே இருந்த கொலைமேடைக்குப் போனார். 1689 பிப்ரவரி 13 அன்று, அடுத்து அரியணை ஏறவிருந்த வில்லியமுக்கும் அவர் மனைவி மேரிக்கும், பின்னர் உரிமைச் சட்டமான உரிமைப் பிரகடனத்தை வாசித்துக் காட்டி, மகுடத்தை அளிக்க முன்வந்ததும் அதே மண்டபத்தில்தான்.

நாள் குறிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சபை கூடும் வார நாட்களில் இந்தச் சுற்று கிடையாது; பெரும்பாலும் சனிக்கிழமைகளிலும் சபை விடுமுறைக் காலத்திலும்தான். இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். விமான நிலையம் போலச் சோதனை இருப்பதால் பெரிய பை வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலிலும் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் ஹாலிலும் படம் எடுக்கலாம், சபை அறைகளில் கூடாது. காமன்ஸ் சபையின் பச்சை இருக்கைகளில் உட்காரவும் விடமாட்டார்கள். பாங்க்வெட்டிங் ஹவுஸ் எல்லா நாளும் திறப்பதில்லை. அது திறந்திருக்கும் நாளை முதலில் பார்த்து, நாடாளுமன்றச் சீட்டை அதற்கேற்ப எடுங்கள்.