பெருச்சாளியைக் கொல்லாமல் தடுக்க: கூண்டா, குச்சியா, கம்பி வலையா?

மரச்சீனி என்னும் மரவள்ளியின் நயவஞ்சகம் என்னவென்றால், கிழங்கு போன பிறகும் செடி பல நாள் பச்சையாகவே நிற்கும். களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் 15 சென்ட் விளையில் (தோட்டத்தில்), 10 மாதம் காத்திருந்து வளர்த்த எம்-4 ரக மரச்சீனியை ஒரு மாசி மாதத்தில் பிடுங்கியபோது, மூட்டுக்கு (ஒரு செடிக்கு) ஐந்தாறு கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் பல்தடம் பதிந்த தோலும் ஒரு கை நுழையும் அளவுக்கு வளையும்தான் இருந்தன. அந்த மாசியிலிருந்து இன்றுவரை, விஷம் வைப்பதில்லை என்ற ஒரே நிபந்தனையோடு, பெருச்சாளியைத் தடுக்கக் கடையிலும் ஊரிலும் சொல்லப்படும் வழிகளில் ஐந்தைப் பார்த்துவிட்டேன். கடைசியில் பாத்திக்கு அடியில் கம்பி வலை விரிப்பதில் வந்து நின்றேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

முதலில் எதைத் தடுக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். இணையத்தில் விற்கப்படும் விரட்டிக் கருவிகளின் அட்டையில் பெரும்பாலும் அகழெலியின் (ஆங்கிலத்தில் 'மோல்') படம் இருக்கும். அகழெலி இந்தியாவில் கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு; நம் பக்கத்தில் இல்லை. அது மண்புழுவையும் வண்டுப் புழுவையும் தின்று வாழ்வது, கிழங்கைத் தொடாதது. ஆகையால் மண்ணிலுள்ள புழுக்களை ஒழித்தால் அது போய்விடும் என்பது போன்ற ஆலோசனைகள் நமக்கு ஒன்றுக்கும் ஆகா. நம் விளையில் வளை தோண்டி, வாயிலில் புதுமண்ணைக் குவித்து, உள்ளிருந்தே அந்த வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்வது பெருச்சாளி இனம். குமரி மாவட்டத்தில் பெருக்கான் என்போம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பெருச்சாழி என்பார்கள். தெலுங்கில் பன்றி எலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்ற சொல்லிலிருந்துதான் ஆங்கிலக்காரர்கள் 'பாண்டிகூட்' என்ற பெயரையே எடுத்தார்கள். கூரிய மூக்கும் வாடையுமாகச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறு வேறு. அது பூச்சி தின்பது. அதை விரட்ட வேண்டிய தேவையே இல்லை.

ஒலிக்கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செவிக்கு எட்டாத மீயொலியை எழுப்பும் பெட்டிகள் மண்ணுக்குள் இருக்கும் விலங்குக்குப் பயன்பட வழியில்லை, ஏனெனில் அந்த ஒலி காற்றிலேயே விரைவில் தேய்ந்துவிடும், மண்ணையோ சுவரையோ ஊடுருவாது. இவற்றை விற்பவர்கள் சொல்லும் பலன்களுக்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்திருக்கிறது. மண்ணில் ஊன்றி அரை நிமிடத்துக்கு ஒரு முறை அதிரும் சூரியஒளிக் குச்சிகள் அதைவிடச் சற்றுப் பொருத்தமான எண்ணம்தான். ஆனால் தென்னையும் ரப்பரும் நிழல் விரித்த விளையில் அதன் சிறு தகட்டுக்கு வெயில் எங்கே கிடைக்கும்? நான் வாங்கிய இரண்டில் ஒன்று ஆனி மழையிலேயே ஊமையாகிவிட்டது. மற்றதன் காலடியில், ஒரு முழம் தள்ளி, புதுமண் குவிந்திருந்தது.

வாடையால் விரட்டும் முறைகளில் விளக்கெண்ணெய்க் கலவை வட அமெரிக்காவில் அகழெலிக்கு எதிராக விற்கப்படுவது. இங்கே சிலர் அதற்குப் பதிலாக ஆமணக்குப் பிண்ணாக்கை வளையில் போடச் சொல்கிறார்கள். அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. உரத்தோடு கலந்து போட்டதைத் தின்ற நாய்கள் இறப்பதுண்டு. கொல்லாமல் தடுக்க நினைப்பவர் அதைத் தொடவே கூடாது. வேப்பம் பிண்ணாக்கில் அந்த அபாயம் இல்லை, மண்ணுக்கும் நல்லது. நான் இன்றும் போடுகிறேன், ஆனால் உரமாகத்தான். தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில், இடையில் கோடை மழையும் சேர்ந்துகொள்ளும்போது, எந்த வாடையும் ஒரு வாரத்துக்கு மேல் மண்ணில் தங்குவதில்லை.

எலி தின்னும் கூகை என்ற ஆந்தை வந்து உட்காரத் தாங்குகட்டை நடுவது வயலுக்கு நல்ல வழி. லட்சத்தீவில் கவரத்தியின் தென்னைகளை எலியிடமிருந்து காக்கக் கூகைகளைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். என் விளையிலும் ஒரு கட்டை நிற்கிறது; கூகை வந்து உட்கார்ந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் பறவையின் விருப்பத்தை நம்பி ஒரு குறிப்பிட்ட பாத்தியைக் காக்க இயலாது. தவிர, அடுத்த விளைக்காரர் விஷம் வைத்தால், அதைத் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகலாம். கூகை கூவினால் வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கை எல்லையின் இருபுறமும் உண்டு என்பதால், கட்டை நட்டதற்கு நான் கேட்டுக்கொண்ட பேச்சும் கொஞ்சமல்ல.

உண்மையான போட்டி உயிரோடு பிடிக்கும் கூண்டுக்கும் கம்பி வலைக்கும் இடையில்தான்.

கூண்டின் நற்பெயருக்குக் காரணம், அதில் இரத்தம் தெரிவதில்லை என்பது. விலையும் குறைவு, அன்றே வாங்கி அன்றே வைத்துவிடலாம். புதிதாக ஒரு பொருள் வழியில் கிடந்தால் பெருச்சாளி சில நாள் அதை அணுகாது என்பதால், கதவைக் கட்டித் திறந்தே வைத்து, சுட்ட தேங்காய்த் துண்டும் கருவாடும் போட்டுப் பழக்கிய பிறகே பொறியை ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் கூண்டு பிடிக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரண்டு மாதத்தில் நான் ஏழு பிடித்தேன்.

பிடித்ததை எங்கே விடுவது என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. எங்கள் ஊரில் சிலர் ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவார்கள்; அக்கரைக்காரர்கள் எந்தக் கரையில் விடுகிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை. வளையும் தீனியும் தெரியாத புது இடத்தில் விடப்பட்ட விலங்கு பெரும்பாலும் நெடுநாள் பிழைப்பதில்லை. பிடிபட்டது தாயாக இருந்தால், மண்ணுக்குள் கண் திறக்காத குட்டிகள் பட்டினியில் கிடக்கும். நமக்கு அது தெரியவும் தெரியாது. பெருச்சாளியின் சினைக்காலம் ஏறக்குறைய 3 வாரம், ஆண்டில் பல ஈற்று; ஆகவே காலியான வளைக்கு விரைவிலேயே வேறொன்று குடிவந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்தார் எலிப்பனி என்று அழைக்கும் எலிக்காய்ச்சல் இந்த விலங்குகளின் சிறுநீரால் பரவுவது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே தடுப்புக்காக டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். கூண்டைக் கழுவும் கையில் சிறு கீறல் இருந்தாலும் உறை போடாமல் தொடக்கூடாது.

இவ்வளவும் தெரிந்தே ஓராண்டு கூண்டு வைத்தேன். நிறுத்தியதற்குக் காரணம் ஒரே ஒரு நிகழ்ச்சி. உறவில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கத் திருவனந்தபுரத்துக்குத் திடீரென்று போக வேண்டி வந்தது. பொறி ஏற்றியிருந்தது நினைவில் இல்லை. நான்காம் நாள் திரும்பி வந்து பார்த்தபோது, மேற்கு வெயில் விழும் மூலையில், கூண்டுக்குள் அது செத்துக் கிடந்தது. மூக்கின் தோல் கம்பியில் உரசி உரிந்திருந்தது. விஷம் வைத்திருந்தால்கூட அதைவிட விரைவாகச் செத்திருக்கும்.

ஆகவே நான் பராமரிப்பைத்தான் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். கூண்டு இரக்கமுள்ள கருவியாக இருப்பது, விடியும் முன் ஒருவர் போய்ப் பார்க்கும் நாட்களில் மட்டுமே. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் பேருந்து மறியல் என்று அந்தச் சங்கிலி அறுந்தால் அதுவே சித்திரவதைப் பெட்டியாகிவிடும். நாளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும், ஆண்டுக்கு 90 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வாடை முறைகளுக்கு மழைக்கு மழை வேலை. குச்சிக்கு வேலையே இல்லை, பயனும் இல்லை. கம்பி வலைக்கு முதலில் இரண்டு நாள் உடலை முறிக்கும் உழைப்பு, அதன்பின் ஆண்டுக்கு அரை நாள். நான் ஊரில் இல்லாதபோதும் அது எந்த உயிரையும் பிடித்து வைத்திருப்பதில்லை என்பதே எனக்குப் போதுமான காரணம்.

செய்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் முதல் பாத்தியில் நான் செய்த தவறுகளை இன்னொருவர் செய்ய வேண்டியதில்லை. 12 அடி நீளம், 4 அடி அகலத்தில் பாத்தியை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, மண்ணை ஒருபுறம் குவித்துவிட்டு, அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் வலையை ஒட்டவைத்து, விளிம்பு தரைக்கு மேல் அரை அடி நிற்கும்படி மடக்க வேண்டும். முதல் முறை விலை குறைவென்று கோழிவலையை விரித்தேன். அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய கம்பி இரண்டு மழைக்காலத்தில் துருவேறி, கையால் இழுத்தாலே பிய்ந்தது. இரண்டாம் முறை அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வாங்கினேன். பெருச்சாளியின் பல் ஈயத்தையும் அலுமினியத்தையும் குடைந்துவிடும்; தடித்த எஃகுக் கம்பியை அதனால் வெல்ல முடிவதில்லை. இரண்டு துண்டு சேரும் இடத்தில் அரை அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, கட்டுக்கம்பியால் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சுப் போட வேண்டும். நான் மூலைகளில் முடிச்சுப் போடச் சோம்பியதால், அது மூலையிலேயே நுழைந்தது.

வலை விரித்து மண் மூடிக்கொண்டிருந்தபோது வேலியோரம் வந்து நின்ற பக்கத்து வீட்டு அக்கச்சி, "பெருக்கானுக்குக் கல்லறை கெட்டுறியா, வீடு கெட்டுறியா மக்களே?" என்று கேட்டார். அந்த ஆண்டு சேம்பு பிடுங்கியதும், சேதமில்லாத கிழங்கில் இரண்டு கூடை அவர் வீட்டுக்குப் போனது. இப்போது அவருடைய இஞ்சிப் பாத்திக்கு அடியிலும் வலை இருக்கிறது.

இந்த முறையின் எல்லைகளையும் மறைக்கக் கூடாது. நம் செம்மண்ணும் செங்கல் (லேட்டரைட்) மண்ணும் புளிப்புத் தன்மை கொண்டவை. புளித்த ஈர மண்ணில் துத்தநாகப் பூச்சு நெடுநாள் நிற்காது. மண்ணின் புளிப்பைக் குறைக்க வழக்கமாக இடும் சுண்ணாம்பு கம்பிக்கும் கொஞ்சம் ஆயுள் கூட்டும் என்று நம்புகிறேன். ஆனால் என் மூத்த வெல்டு மெஷ் பாத்திக்கே மூன்று வயதுதான் ஆகிறது. பத்தாண்டு நிற்கும் என்று சத்தியம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. ஒவ்வோர் அறுவடையின்போதும் ஒரு மூலையைத் திறந்து பார்க்கிறேன். சென்ற முறை வெண்பூச்சு மங்கியிருந்தது, துரு ஏறவில்லை. எஃகில் துருப்பிடிக்காத ரகம் உண்டு. அதன் விலைக்குப் பல ஆண்டுக் கிழங்கை வாங்கியே தின்னலாம். மம்பட்டியை ஓங்கி வெட்டும் பழக்கமும் போக வேண்டும், இல்லையென்றால் பெருச்சாளியால் ஆகாததை நாமே செய்துவிடுவோம்.

மரச்சீனி முழுவதையும் இப்படி வளர்க்க முடியாது என்பதும் வெளிப்படை. ஏக்கர் கணக்கில் நட்டவருக்கு வலை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் தோன்றும். அவர்களுக்கு வரப்பை ஒடுக்கமாக வைப்பது, தேங்காய்த் தொண்டுக் (மட்டைக்) குவியலையும் விழுந்த தேங்காயையும் அன்றாடம் அகற்றுவது, கூகைக்குக் கட்டை நடுவது ஆகியவைதான் வழி. என் விளையிலேயே வலைக்கு வெளியே 40 மூடு மரச்சீனி நிற்கிறது. முற்றிய கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்து வேண்டும்போது பிடுங்கும் நம் வழக்கம் பெருச்சாளிக்குத்தான் வசதி என்பதால், அவற்றை மட்டும் பருவம் வந்ததும் ஒரே நாளில் பிடுங்கி, அவித்து, வெயிலில் உலர்த்திவிடுகிறோம். அடிவலை போடாத திறந்த உரக்குழியை நானே வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன் என்பதும், முதல் வளை அதன் அடியிலிருந்துதான் புறப்பட்டது என்பதும் மிகத் தாமதமாகப் புரிந்தது. குழிக்கும் இப்போது அதே வெல்டு மெஷ்தான்.

பெருச்சாளி விளையை விட்டுப் போய்விடவில்லை. கிழக்குக் கையாலைக்கு (எல்லைச் சுவருக்கு) அடியில், செங்கல்லும் வேரும் பிணைந்த இடத்தில் அது குடியிருக்கிறது. மழை விட்ட காலைகளில் புதுமண் தெரிகிறது. சித்திரையில் திறந்த நான்கு பாத்திகளில் மூன்றில் ஒரு பல்தடமும் இல்லை. நான்காவது, முடிச்சுப் போடாமல் விட்ட அந்தப் பழைய மூலை. அதை இந்த ஆனிக்கு முன் அவிழ்த்துக் கட்ட வேண்டும்.