சிறு வணிகரின் இணையக் கடைக்கு ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?

சொந்தமாக இணையக் கடை தொடங்க விரும்பும் சிறு வணிகர் ஒருவர் வலைத்தளம் உருவாக்கித் தருபவரிடம் யோசனை கேட்டால், பெரும்பாலும் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் ஆகிய இரண்டு கடை மென்பொருள்களில் ஒன்றைத்தான் பதிலாகப் பெறுகிறார். எந்தப் பெயர் சொல்லப்படுகிறது என்பது சொல்பவருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது. மாத விற்பனை எவ்வளவு, அதில் எவ்வளவு இணையவழிப் பணமாக வருகிறது, கடை திறந்து ஓராண்டு கழித்து அதைப் பராமரிக்கப்போவது யார் என்பவற்றை யாரும் கேட்பதில்லை. கடைசியாகச் சொன்ன கேள்விக்குக் கிடைக்கும் விடையே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டும் பிறந்த விதமே அவற்றின் இயல்பைக் காட்டிவிடும். கனடாவின் ஒட்டாவா நகரில் பனிச்சறுக்குப் பலகைகளை இணையத்தில் விற்க முனைந்த டோபியாஸ் லூட்கேயும் அவருடைய கூட்டாளிகளும், அன்று கிடைத்த கடை மென்பொருள்களில் நிறைவடையாமல் தமக்கென ஒன்றை எழுதி, அதையே 2006இல் ஷாப்பிஃபை என்ற கட்டணச் சேவையாக வெளியிட்டார்கள். தளம் இயங்கும் கணினியான சேவையகம், பாதுகாப்பு, மேம்படுத்தல் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. வணிகர் வாடகைக்குக் குடியிருப்பவர் மட்டுமே. வூகாமர்ஸோ, 2011இல் வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்காக வூதீம்ஸ் நிறுவனம் வெளியிட்ட செருகுநிரல், அதாவது அதனோடு இணைத்துக்கொள்ளும் துணை மென்பொருள். 2015இல் வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக், அந்த நிறுவனத்தை வாங்கியது. நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் திறமூல உரிமம் கொண்ட இதை எந்தச் சேவையகத்திலும் நிறுவலாம், எந்த வரியையும் மாற்றலாம். அப்படி நிறுவியதைக் காப்பதும் நிறுவியவரின் கடமையாகிறது.

செலவை ஒப்பிடும்போது பலரும் மாதச் சந்தாவை மட்டும் பார்க்கிறார்கள். ஷாப்பிஃபை தன் சொந்தப் பணப்பரிமாற்றச் சேவையை இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்குவதில்லை. எனவே இங்குள்ள வணிகர் ரேசர்பே போன்ற வேறொரு பணவாயிலை, அதாவது வாடிக்கையாளரின் பணத்தை இணையவழியாகப் பெற்றுத் தரும் சேவையை, இணைத்தாக வேண்டும். அப்படி இணைத்தால் அந்த வாயிலுக்குரிய கட்டணம் போக, பேசிக் என்ற தொடக்கநிலைச் சந்தாத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் மேலும் 2 விழுக்காடு ஷாப்பிஃபைக்குப் போகிறது. மாதம் 3 லட்சம் ரூபாய் இணையவழியாக வரும் கடைக்கு இது 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000 ரூபாய். மேல்நிலைத் திட்டத்துக்கு மாறினால் விழுக்காடு குறையும், சந்தா கூடும். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறைக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்பதால், அந்த முறையிலேயே பெரும்பகுதி விற்கும் கடைக்காரர் தன் விற்பனையைப் பிரித்துப் பார்த்தே கணக்கிட வேண்டும். சிங்கப்பூரிலோ கனடாவிலோ கடை நடத்தும் தமிழருக்கு ஷாப்பிஃபையின் சொந்தச் சேவை கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்தக் கூடுதல் விழுக்காடு இல்லை. வெளிநாட்டு யூடியூப் காணொளிகளில் வரும் செலவுக் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

வூகாமர்ஸில் விற்பனைக்கு விழுக்காடு எதுவும் எடுக்கப்படுவதில்லை. பணவாயிலின் கட்டணம் மட்டுமே. ஆனால் நல்ல சேவையக வாடகை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கட்டணச் செருகுநிரல்கள், பராமரிப்பவருக்குரிய ஊதியம் ஆகியவை உண்டு. மாதம் 50,000 ரூபாய் விற்கும் கடைக்கு ஷாப்பிஃபையின் 2 விழுக்காடு என்பது 1,000 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு ஒரு வூகாமர்ஸ் கடையை மாதம் முழுவதும் பொறுப்பாகக் கவனித்துக்கொள்ளும் தேர்ந்த ஆளைப் பிடிப்பது கடினம். விற்பனை சில லட்சங்களைத் தாண்டும்போதுதான் தராசு மறுபக்கம் சாயத் தொடங்குகிறது.

பராமரிப்பு என்றால் பொத்தானை அழுத்திப் புதுப்பிப்பது என்று நினைப்பவர்களுக்குச் சில எடுத்துக்காட்டுகள் தேவை. 2021 ஜூலையில் வூகாமர்ஸில் தரவுத்தளத்தையே வெளியாருக்குத் திறந்துவிடக்கூடிய ஓட்டை கண்டறியப்பட்டபோது, அதன் குழு உடனடியாகத் திருத்தம் வெளியிட்டு, கடைக்காரர்களின் அனுமதிக்குக் காத்திராமல் தானாகவே பல கடைகளில் அதை நிறுவச் செய்தது. அத்தனை விரைவு எல்லாச் செருகுநிரல் ஆக்குநர்களிடமும் எதிர்பார்க்கக் கூடியதன்று. 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து புதிய கடைகளில் ஆர்டர்கள் வேர்ட்பிரஸின் பொதுவான பதிவு அட்டவணைகளை விட்டு, தமக்கென அமைந்த தனி அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. வேகத்துக்கு மிக நல்ல மாற்றம் இது. ஆயினும் பழைய அட்டவணையை நேரடியாகத் துழாவும்படி எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் அதனால் பொருளிழந்தன. மேம்படுத்துவதற்கு முன் கடையின் நகல் ஒன்றில் சோதித்துப் பார்க்காத உருவாக்குநர், வாடிக்கையாளர் முன்னிலையில் சோதித்துப் பார்க்கிறார் என்றே பொருள்.

நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி எழக்கூடிய சிக்கல் வேறொன்று. வாடிக்கையாளர் யு.பி.ஐ. செயலிக்குப் போய்ப் பணம் செலுத்திவிட்டு, கடைப் பக்கத்துக்குத் திரும்பாமலே உலாவியை மூடிவிடுகிறார். பணம் வந்துவிட்டது என்ற செய்தியைப் பணவாயில் கடையின் சேவையகத்துக்குத் தனியே அனுப்பும் ஏற்பாடு, அதாவது வெப்ஹுக், சரியாக அமைக்கப்படாவிட்டால், வூகாமர்ஸ் அந்த ஆர்டரைப் பணம் வராததாகக் கருதி, இயல்பிருப்பு அமைப்பின்படி 60 நிமிடங்களுக்குப் பின் ரத்து செய்து சரக்கைத் திரும்ப விற்பனைக்கு வைத்துவிடும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதியாக நெய்யப்பட்ட கைத்தறிப் புடவைகளை விற்பவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று விளக்க வேண்டியதில்லை: பணம் கட்டியவர் ஒருவர், புடவை கிடைத்தவர் இன்னொருவர். ஷாப்பிஃபையில் பணவாயிலின் செயலியை நிறுவினாலே இந்த இணைப்பு அமைந்துவிடுகிறது. வூகாமர்ஸ் கடையை ஒப்படைக்கும் எந்த உருவாக்குநரும் வெப்ஹுக்கைச் சோதித்துக் காட்டிய பிறகே முழுத் தொகையையும் பெற வேண்டும் என்று நான் சொல்வேன்.

ஷாப்பிஃபையின் குறைகள் கட்டுப்பாட்டைச் சார்ந்தவை. ஒரு பொருளுக்கு மூன்று வகைத் தெரிவுகள்தாம் வைக்க முடியும். ரவிக்கைக்கு அளவு, நிறம், கை நீளம் என்று மூன்று வைத்தபின் கழுத்து வடிவத்தையும் கேட்க வேண்டுமானால், மாதக் கட்டணச் செயலி ஒன்றை நாட வேண்டும் அல்லது ஷாப்பிஃபையின் லிக்விட் மொழியில் பக்க வடிவமைப்பான வார்ப்புருவைத் திருத்த வேண்டும். முகவரியும் பணமும் பெறும் பக்கங்களை விருப்பம்போல் மாற்றும் உரிமை பெருநிறுவனங்களுக்கான பிளஸ் திட்டத்துக்கே உரியது. மொத்த வியாபாரிகளிடம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்க விரும்பும் சாதாரணக் கடைக்காரர், அந்தக் கட்டத்தைக் கூடைப் பக்கத்திலேயே வைத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. வூகாமர்ஸில் இது சில வரி நிரல், ஆனால் 8.3 பதிப்பிலிருந்து புதிய கடைகளில் முகவரியும் பணமும் பெறும் பக்கம் தொகுதிகளை அடுக்கிய வடிவில் இயல்பாக வருகிறது, அதில் பழைய முறையில் கட்டங்களைச் சேர்க்கும் வடிகட்டி (ஃபில்டர்) நிரல் வேலை செய்யாது என்பதை அறியாமல், பழைய பயிற்சிக் கட்டுரைகளைப் பார்த்துத் திணறும் இளம் உருவாக்குநர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வரி அமைப்பிலும் வூகாமர்ஸ் கவனத்தைக் கேட்கிறது. ஒரே முன்னுரிமை எண்ணுள்ள வரிகளில் பொருந்தும் ஒன்றை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். எனவே தமிழ்நாட்டுக்குள் விற்கும் சரக்குக்கு மத்திய, மாநில வரிகளை வெவ்வேறு முன்னுரிமை எண்களில் இட வேண்டும், இல்லையேல் பாதி வரியே கணக்கில் ஏறும். அரசு கேட்கும் வடிவிலான விலைச்சீட்டுக்கு இரண்டிலுமே துணைச் செயலி தேவை.

தமிழில் பொருள்பெயர் இடுவோருக்கு ஒரு குறிப்பு. வேர்ட்பிரஸ், பக்க முகவரியில் இடம்பெறும் பெயரை 200 குறிகளுக்குள் அடக்குகிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் இணைய முகவரிக்கான வடிவில் 9 குறிகளாக விரிவதால், ஏறத்தாழ 22 குறியீடுகளுக்கு மேற்பட்ட பகுதி வெட்டப்பட்டுவிடும்; உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படும் என்பதை நினைவில் கொண்டால், இரண்டு மூன்று சொற்களிலேயே இடம் தீர்ந்துவிடும். முகவரிக்குச் சுருக்கமான பெயரைக் கையால் எழுதுவதே நல்லது.

திறமூலம் என்பதாலேயே வூகாமர்ஸ் யாரையும் சாராதது என்ற நம்பிக்கையையும் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் ஆட்டோமேட்டிக்கின் தலைவர் மேட் முல்லன்வெக்குக்கும் வேர்ட்பிரஸ் தளங்களுக்குச் சேவையகம் தரும் டபிள்யூ.பி. எஞ்சின் நிறுவனத்துக்கும் மூண்ட பூசலில், அந்நிறுவனத்தின் சேவையகங்கள் செருகுநிரல்களும் மேம்படுத்தல்களும் கிடைக்கும் வேர்ட்பிரஸின் மையக் களஞ்சியத்தை அணுகுவது தடைபட்டது; பூசலோடு தொடர்பே இல்லாத, அதன் வாடிக்கையாளர்களான கடைக்காரர்களின் தளங்களும் வழக்கமான மேம்படுத்தலைப் பெற முடியாமல் நின்றன. அப்போதும் அவர்களின் தரவுத்தளமும் நிரலும் அவர்கள் கையிலேயே இருந்தன, வேறு சேவையகத்துக்குப் போகும் வழி திறந்தே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஷாப்பிஃபை 2023 ஜனவரியில் அமெரிக்காவில் பேசிக் திட்டத்தின் மாதக் கட்டணத்தை 29 டாலரிலிருந்து 39 டாலராக உயர்த்தியபோது, அங்கு மாதந்தோறும் கட்டிவந்த குடியிருப்போருக்குக் கூடுதலாகக் கட்டுவது, ஆண்டுச் சந்தாவுக்கு மாறுவது அல்லது காலிசெய்வது என்ற வழிகளே இருந்தன.

மூன்றாவதாகச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் காமர்ஸ் சேவையையும் பார்த்துவிடலாம். அதே நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. தாக்கல் செய்துவரும் வணிகருக்கு, சரக்கிருப்பும் விலைச்சீட்டும் ஒரே இடத்தில் சேர்வது பெரிய வசதி. வார்ப்புருக்களும் துணைச் செயலிகளும் மற்ற இரண்டின் அளவுக்கு இல்லை.

தொழில்நுட்பம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத கடைக்கு, விழுக்காட்டைக் கொடுத்தேனும் ஷாப்பிஃபையில் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. பராமரிப்பை எழுத்து ஒப்பந்தமாக ஏற்க உருவாக்குநர் முன்வந்தால் மட்டுமே வூகாமர்ஸ். பிற்பாடு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம்: ஷாப்பிஃபையிலிருந்து பொருள்கள், வாடிக்கையாளர்கள், ஆர்டர்கள் ஆகியவற்றை சி.எஸ்.வி. எனப்படும் எளிய அட்டவணைக் கோப்புகளாக எடுத்துக்கொள்ள முடியும். வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் வாரா. அவர்கள் புதிதாக அமைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஷாப்பிஃபையின் பொருள் பக்க முகவரிகள் மாற்றமுடியாத அமைப்புடையவை என்பதால், பழைய முகவரிகள் அனைத்தையும் பட்டியலிட்டு, புதிய தளத்தில் ஒவ்வொன்றுக்கும் 301 வழிமாற்றம், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு, அமைத்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்த பின்னரே பழைய சந்தாவை நிறுத்த வேண்டும்.