குடியை விட்ட பிறகு எந்தக் கூட்டம்? சென்னையில் நான் போய்ப் பார்த்த மூன்று வழிகள்

குடியை நிறுத்தி மூன்று வருடம் ஆகப்போகிறது. அண்ணனுக்கு, மாமாவுக்கு, கணவருக்கு என்று யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டமா, மருத்துவமனை நடத்தும் குழுவா, போனிலேயே கலந்துகொள்ளும் கூட்டமா? மூன்றுக்கும் போயிருக்கிறேன். நான் நிலைத்தது ஏ.ஏ.வில். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

அதற்கு முன்னால் ஒன்று. தினமும் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தோடு போகாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். அந்தக் கட்டத்துக்கு மருத்துவர்தான் வேண்டும், எந்தக் கூட்டமும் போதாது. கையில் காசில்லை என்றாலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

மருத்துவமனைக் குழுவின் பலம், அங்கே ஆலோசகர் இருப்பார் என்பது. மாத்திரை, தூக்கம், கல்லீரல் என எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். வீட்டாரையும் கூட உட்காரவைத்துப் பேசுவார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்பதை இந்த ஊரில் வெகுகாலமாகச் செய்துவருகிறது. நான் சிகிச்சை எடுத்தது வேறொரு இடத்தில். அங்கே குழு கூடுவது வாரம் ஒருமுறை, வேலை நாளில் காலை 11 மணிக்கு. பெரம்பூரிலிருந்து போய்வரப் பாதி நாள் போய்விடும். இரண்டு மாதம் லீவு போட்டுப் போனேன். அப்புறம் கம்பெனியில் காரணம் கேட்டார்கள், நின்றுவிட்டது.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இதுதான்: கூட்டம் எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். எந்தக் கொள்கை சிறந்தது என்பதெல்லாம் பிறகு. காலை 11 மணிக்கு எனக்குக் குடிக்கத் தோன்றியதே இல்லை. அம்பத்தூரில் ஷிப்ட் முடிந்து, ரயிலைப் பிடித்துப் பெரம்பூரில் இறங்கும்போது மணி ஆறரை. டாஸ்மாக் மூடுவது 10 மணிக்கு. நடுவில் இருக்கும் அந்த மூன்றரை மணி நேரம்தான் என் நோய். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே கடை இருந்தது. என் கால் அந்தப் பக்கம் திரும்புவது எனக்கே தெரியாது.

ஏ.ஏ. கூட்டம் ஏழு மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், சர்ச்சை ஒட்டிய பள்ளி வகுப்பறையில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முட்டி இடிக்கும். கரும்பலகையில் ஏழாம் வாய்பாடு அழிக்காமல் இருந்தது. முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. கை நடுங்குவதைப் பார்த்த ஒரு பெரியவர் டீயைப் பாதி டம்ளர் மட்டும் ஊற்றிக் கொடுத்தார், சிந்தாமல் இருக்க. “இன்னிக்கு ராத்திரிய மட்டும் தாண்டிடு தம்பி. நாளைக்கு ஏழு மணிக்கு இங்க இருப்போம்” என்றார். ஒன்றரை மணி நேரக் கூட்டம், அப்புறம் வாசலில் நின்று பேச்சு. வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பதரை. முதல் மூன்று மாதமும் அப்படித்தான் போனது. எங்கள் இடத்தில் கூட்டம் இல்லாத நாளில் அயனாவரம் பக்கம் இன்னொன்றுக்குக் கூட்டிப்போனார்கள்.

கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றிவரும், முடிந்ததைப் போடலாம். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய வழிமுறை இது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ.வும் அதையொட்டிய சிகிச்சையும் மற்ற சிகிச்சை முறைகளை விட நன்றாகவே பலன் தருவதாகச் சொன்னது. கடவுள் பேச்சு சிலருக்கு ஒட்டாது. மீள்வதற்கு ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளில் அது வருகிறது, ஆனால் ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்ற சொல்லோடு. எங்கள் குழுவில் சாமி கும்பிடாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆன்லைன் கூட்டத்துக்கு நான்கு முறைதான் போனேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். இரவு ஷிப்ட்காரர்களுக்கும், முகம் தெரிந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கும் அது உதவும். ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழையத் தயங்கும் பெண்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடிமானமாக இல்லை. கேமராவை அணைத்துவிட்டு ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன். தடுக்க அங்கே யாரும் இல்லை.

மருத்துவமனையை நான் விட்டுவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறேன். என் மனைவி குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறாள். எனக்காக அல்ல, அவளுக்காக.

சேரப்போகிறவர் முதலில் எழுதவேண்டியது குழுவின் பெயரை அல்ல. எந்த மணிக்கு ஆசை எழுகிறது, அப்போது எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். அந்த நேரத்தில், அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் எது நடக்கிறதோ அங்கே போங்கள். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். எனக்கே மூன்றாவதுதான் ஒட்டியது.