காந்தமா, தண்ணீரா: பழைய வெள்ளி ரூபாயை எதை வைத்துச் சோதிப்பது?

ஆன்லைனில் விக்டோரியா ரூபாய் (விக்டோரியா ராணி தலை போட்ட பிரிட்டிஷ் கால வெள்ளிக் காசு) வாங்குகிறவர்கள் பலரும் முதலில் எடுப்பது காந்தத்தைத்தான். ஒட்டினால் போலி, சந்தேகமே வேண்டாம். ஒட்டாவிட்டால்? அங்கேதான் நான் ஏமாந்தேன், ஏனென்றால் பித்தளையும் செம்பும் வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரும்கூட காந்தத்தில் ஒட்டாது, போலி பெரும்பாலும் இவற்றில்தான் செய்யப்படுகிறது.

தண்ணீர்ச் சோதனைக்கு 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். முதலில் காசை எடை போடுங்கள், தேயாத ரூபாய் 11.66 கிராம் இருக்கும். அப்புறம் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும். நல்ல காசுக்குத் தராசு 1.13 அளவில் காட்டும், காசின் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி 10.3, 91.7 சதவீத வெள்ளிக்கு அதுதான் சரி. என்னுடையது 11.62 கிராம், எடை கச்சிதம், ஆனால் தண்ணீரில் 1.36 காட்டியது. வகுத்தால் 8.5. பித்தளை!

1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், அதற்கு இந்த எண் பொருந்தாது. 1938 ரூபாயில் 8ஐ 9ஆகத் திருத்தி, அரிதான 1939 என்று விற்றால் இரண்டு சோதனையுமே உதவாது, லென்ஸ் வைத்து அந்தக் கடைசி எண்ணைப் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு தண்ணீருக்கே. காந்தம் கடையில் நிற்கும்போது சட்டைப்பையில் இருக்கட்டும், பார்சல் வீட்டுக்கு வந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் குவளையை எடுங்கள்.