பக்ஸில்லாவா ரெட்மைனா மேன்டிஸா: வெர்ஷன் ஏத்துற அன்னைக்கு எது கைகுடுக்கும்?

பக்ஸில்லா, ரெட்மைன், மேன்டிஸ் எல்லாம் இஷ்யூ ட்ராக்கர், அதாவது சாஃப்ட்வேர்ல வர்ற பிழையை ஒவ்வொண்ணா டிக்கெட் போட்டு கணக்கு வைக்கிற சாஃப்ட்வேர். இதுல எது நல்லதுன்னு கேட்டா எல்லாரும் போர்டு அழகா இருக்கு, லேபிள் கலர் கலரா இருக்குன்னு ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் காட்டுதாவ. நான் வேற ஒண்ணைத்தான் பாக்கேன். நாலு வருஷம் கழிச்சு வெர்ஷன் ஏத்தும்போது பழைய டிக்கெட் நம்பர், அட்டாச்மென்ட், யாரு எப்ப என்ன மாத்தினாங்கிற ஹிஸ்டரி, இது மூணும் முழுசா வந்து சேருதா? நம்ம திருநெல்வேலியில வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டை பக்கம் இருக்க சின்ன கம்பெனியள்ல சர்வர் பாக்க தனி ஆளு எங்க இருக்கு, பகல்ல கோட் எழுதுற பையனேதான் ராத்திரி அப்கிரேடும் பண்ணுதான், அவன் பக்கம் நின்னுதான் இதைச் சொல்லுதேன்.

பக்ஸில்லா 1998ல வந்தது, பெர்ல்ல எழுதினது, பாக்க பழசாத்தான் இருக்கும். ஆனா அப்கிரேடுல அதை அடிச்சுக்க ஆளில்ல. புது கோடைப் போட்டு, அதோடயே வர்ற செக்செட்டப் ஸ்கிரிப்டை ஓட்டினா எந்த பெர்ல் மாட்யூல் (கூட வேண்டிய துணை கோடு) இல்லைன்னு சொல்லிட்டு நிக்கும், எல்லாம் சரியா இருந்தா டேபிளை எல்லாம் அதுவே புது அமைப்புக்கு மாத்திரும். அட்டாச்மென்டும் வழக்கமா டேட்டாபேஸுக்குள்ளயே இருக்கதால ஒரு டம்ப் (டேட்டாபேஸ் மொத்தத்தோட காப்பி ஃபைல்) எடுத்தா போதும், என்ன, அந்த டம்ப் பெருசா இருக்கும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல பாக்கெட் அளவை (ஒரே தடவையில அனுப்புற டேட்டாவோட உச்சவரம்பு) கூட்டி வைக்கலைன்னா திருப்பி ஏத்தும்போது பாதியில நின்னுரும். டேபிள் மாறின பிறகு பழைய வெர்ஷனுக்குப் போக ஸ்கிரிப்ட் கிடையாது, டம்ப்தான் வழி.

ரெட்மைன் ரூபி ஆன் ரெயில்ஸ்ங்கிற ஃப்ரேம்வொர்க்ல எழுதினது. அதோட சொந்த டேபிள் எல்லாம் ரேக் மைக்ரேட் கமாண்ட்ல ஒழுங்கா ஏறிரும், தொல்லையெல்லாம் பிளகின்ல, அதாவது வெளியாளு எழுதின கூடுதல் வசதியில. 2018 டிசம்பர்ல வந்த 4.0 ரெயில்ஸ் 5.2க்கு மாறுச்சு, அந்த ரெயில்ஸ்ல டேபிளை மாத்துற மைக்ரேஷன் ஃபைல் ஒவ்வொண்ணுலயும் எந்த ரெயில்ஸ் வெர்ஷனுக்கு எழுதினதுன்னு குறிப்பிட்டே ஆகணும், குறிப்பிடாத பழைய பிளகின் அந்த இடத்துலயே எரர் அடிச்சு நிக்கும். அதனால பிளகினை ரெண்டு மூணோட நிறுத்திக்கிடுங்க. இன்னொண்ணு, அட்டாச்மென்ட் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல தனியா கிடக்கும், டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்தா டிக்கெட்ல பேர் தெரியும், க்ளிக் பண்ணினா ஒண்ணும் வராது.

மேன்டிஸ் பிஹெச்பியில எழுதினது, ஷேர்டு ஹோஸ்டிங்ல (பல பேர் பங்கு போட்டுக்கிடுற வாடகை சர்வர்) வச்சிருக்கவங்களுக்கு இதுதான் லேசு. பிரவுசர்ல இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்து பட்டனை அமுக்கினா டேபிள் மாறிரும், முடிஞ்ச கையோட அட்மின் ஃபோல்டரை அழிச்சிரணும், அழிக்காம விட்டா கதவைத் திறந்து போட்ட மாதிரிதான். ட்ராக்ங்கிற இன்னொரு ட்ராக்கர்ல ஹாட்காப்பி, அதாவது ஓடிக்கிட்டிருக்கும்போதே பேக்கப் எடுக்கிறது, அருமையான வசதி, ஆனா பைத்தான் 3க்கு வந்ததே 2023ல 1.6 வெர்ஷன்லதான், புதுசா போட நான் சொல்ல மாட்டேன். ஜிராங்கிற ட்ராக்கரை சொந்த சர்வர்ல வச்சிருந்தவங்களுக்கு சர்வர் எடிஷன் சப்போர்ட் 2024 பிப்ரவரி 15ஓட முடிஞ்சுது, கிளவுடுக்குப் போனா அப்கிரேடு கவலை இல்ல, ஆனா எப்ப மாறணுங்கிறது நம்ம கையில இல்ல.

ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவணும்னா ரெட்மைன்தான் முந்துது. மேன்டிஸ், ட்ராக் ரெண்டுல இருந்தும் கொண்டுவர டாஸ்க் அதுலயே இருக்கு. காலி டேட்டாபேஸ்ல ஏத்தினா பழைய டிக்கெட் நம்பர் மாறாது, ஏற்கனவே டிக்கெட் இருக்க இடத்துல ஏத்தினா நம்பர் மாறி, கோடை மாத்தும்போது கமிட் மெசேஜ்ல எழுதி வச்ச டிக்கெட் நம்பரெல்லாம் தப்பான டிக்கெட்டைக் காட்டும்.

இது எல்லாத்தையும் விட நம்மளுக்குப் பெரிய விஷயம் தமிழ். "அண்ணாச்சி, பில்லுல ஜிஎஸ்டி ரெண்டு தடவை விழுது, சீக்கிரம் பாருங்க"ன்னு கடைக்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்புறதை அப்படியே டிக்கெட்ல ஒட்டுதோம். பழைய டேபிள் தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1ங்கிற எழுத்துக் குறியீட்டுல இருக்கும்போது, டம்ப் எடுக்கையில அதைக் கவனிக்கலைன்னா தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் மூணு மூணு குப்பை எழுத்தா வந்து நிக்கும். மைஎஸ்க்யூஎல்லோட பழைய யுடிஎஃப்8 குறியீட்டுல தமிழ் நிக்கும், ஏன்னா தமிழ் எழுத்துக்கு மூணு பைட்தான், எமோஜிக்கு நாலு பைட் வேணும். ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத டேட்டாவை ஏத்துக்காம எரர் காட்டுறது) இல்லாத சர்வர்ல எமோஜியில இருந்து பின்னால இருக்க வாக்கியம் பூரா வெட்டுப்பட்டுரும், எரரும் வராது. கடைக்காரர் கும்பிடு எமோஜிக்கு அப்புறம் எழுதின பில் நம்பர் போயே போச்சு. எந்த ட்ராக்கரா இருந்தாலும் நாலு பைட்டும் தாங்குற யுடிஎஃப்8எம்பி4க்கு மாத்துங்க.

ஏற்கனவே பக்ஸில்லா ஓடுதுன்னா அதுலயே இருங்க, அழகுக்காக மாறாதீங்க. புதுசா போடுதீங்கன்னா ரெட்மைன், ஹோஸ்டிங் மட்டும்தான் இருக்குன்னா மேன்டிஸ். எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு காப்பியில ஏத்திப் பாருங்க, அந்தக் காப்பியில மெயிலை நிறுத்திட்டு ஏத்துங்க, இல்லைன்னா பழைய டிக்கெட் நோட்டிஃபிகேஷன் எல்லாம் கஸ்டமருக்குப் போயிரும். பேக்கப்பை அதே ரூம்ல வைக்காதீங்க, 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு நாம எல்லாரும் பாத்தோம்.