பெஞ்ச் காட்டு நெடுஞ்சாலை: பாலம் பிரமாதம், போட்ட வரிசைதான் தப்பு

சாலைக்கெல்லாம் ரிவ்யூ எழுதுவார்களா என்று கேட்காதீர்கள், டோல் கட்டித்தானே போகிறோம், காசு கொடுத்த எதைப் பற்றியும் எழுதலாம். மகாராஷ்டிரத்து நாக்பூரிலிருந்து மத்தியப் பிரதேசத்துச் சிவனி பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் அப்படி 16 கிலோமீட்டர். அதை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்மேல் ஏற்றி, அடியில் விலங்குகள் நடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். சின்னது 50 மீட்டர், பெரியது 750 மீட்டர்.

மேலே ஓட்டிப் போகிறவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அந்தப் பெரிய பாலத்தை 80-இல் கடந்தால் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான், பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருந்தால் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். இந்தச் சாலையில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

கீழே நடப்பதுதான் விஷயம். விலங்குக்கு வழி என்று சொல்லி மழைத்தண்ணீர் போகிற குழாய் மாதிரி ஒன்றை வைத்துவிட்டுக் கணக்கு முடிப்பதுண்டு. மான் கூட்டம் அந்த இருட்டுக்குள் நுழையாது. அந்தப் பக்கம் காடு கண்ணில் படவேண்டும், வெளிச்சம் வேண்டும், ஏதாவது வந்தால் சிதறி ஓட இடம் வேண்டும். இங்கே அகலத்திலும் உயரத்திலும் கஞ்சத்தனம் பண்ணவில்லை, அதற்குப் பலனும் கிடைத்திருக்கிறது. 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தார் அடியில் கேமரா வைத்துப் பார்த்ததில் 18 வகை விலங்குகள் நடந்து போயிருக்கின்றன, அதில் 11 தனித்தனிப் புலிகள் மொத்தம் 89 முறை. செய்தியில் புலி மட்டும்தான் வந்தது. ஆனால் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் தாராளமாகப் போய்வருகின்றன என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன், அவை போகாத இடத்துக்குப் புலி எதற்குப் போகப் போகிறது?

மத்தியப் பிரதேசம் பக்கம் போனால் இரண்டு ஓரத்திலும் 4 மீட்டர் உயரத்துக்குத் தடுப்புச்சுவர், வண்டிச் சத்தமும் ஹெட்லைட் வெளிச்சமும் காட்டுக்குள் போகாமல் இருக்க. காட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று கிளம்பியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும், நமக்குக் காட்சி காட்டுவதற்காகக் கட்டியதில்லை.

அப்புறம் ஏன் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன்? இதெல்லாம் முதல் வரைபடத்திலேயே இருந்ததில்லை, வருடக்கணக்கில் வழக்கு நடந்த பிறகு வந்து சேர்ந்தது. நம் ஊரில் நடைமுறையே அப்படித்தான். சாலை எந்த வழியாகப் போகும் என்று முடிவாகி, நிலம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் காட்டுயிர் அனுமதிக்கான கோப்பு நகரும். அந்த நேரத்தில் 'வேறு வழியாகக் கொண்டுபோகலாமே' என்று யார் சொன்னாலும் வளர்ச்சிக்கு எதிரி ஆகிவிடுவார். மிச்சம் இருக்கிற பேரம் பாலம் எத்தனை மீட்டர் என்பது மட்டும்தான். விலங்குகள் நடமாடும் வழிகளைக் காட்டும் வனத்துறை வரைபடத்தையும் நெடுஞ்சாலைக்காரர்களின் வரைபடத்தையும் பென்சில் கோடாக இருக்கும்போதே ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருந்தால் சில பாலங்களுக்குத் தேவையே வந்திருக்காது. கர்நாடகத்துப் பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-இலிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை அவசர ஊர்திகளும் சில அரசுப் பேருந்துகளும் தவிர மற்ற வண்டிகளை விடுவதில்லை. செலவு ஒரு கேட்டும் நாலு ஆளும், சுற்றிப் போக வேறு சாலையும் உண்டு. எல்லா இடத்திலும் அது முடியாது, லாரி ஓட்டுபவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் அதையும் மேசையில் வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று, பாலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் இரண்டு முனையிலும் இருக்கும் நிலம்தான் அதைக் காப்பாற்றும். நாளைக்கு ஒரு முனையில் ரிசார்ட்டும் வேலியும் வந்தால் 750 மீட்டரும் வெறும் நிழல்தான், அதற்கு நெடுஞ்சாலைக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. நிலத்துக்கு அனுமதி கொடுப்பவர்கள் வேறு.

ஐந்துக்கு நான்கு. இரவில் போகிறவர்கள் பாலத்தின்மேல் வண்டியை ஓரங்கட்டிப் புலி தெரிகிறதா என்று எட்டிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். இருட்டுதான் தெரிந்தது, பின்னால் வந்த லாரி அடித்த ஹாரனுக்குக் கீழே என்னவோ ஒன்று சருகில் தடதடவென்று ஓடியது.